ஒரு சர்வர் விழுந்தாலும் தளம் ஓட வேண்டும்: சுமைப் பகிர்வும் பழுது தாங்கலும், படிப்படியாக

இந்த வேலையைப் புதிதாகக் கற்க வருபவர்கள் அநேகமாக எல்லாரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள்: லோட் பேலன்சரை, அதாவது கோரிக்கைகளைப் பல சர்வருக்குப் பிரித்து அனுப்பும் நிரலை, நிறுவுவது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், மூன்று சர்வருக்கும் கோரிக்கைகள் மாறி மாறிப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், வேலை முடிந்தது என்ற எண்ணமும் வந்துவிடும். அப்புறம் ஒரு வாரத்தில் ‘அடிக்கடி லாக்அவுட் ஆகிறது’, ‘நேற்று ஏற்றிய படத்தைக் காணவில்லை’ என்று பயனர்கள் சொல்ல ஆரம்பிப்பார்கள். பேலன்சரில் ஒரு தவறும் இருக்காது. அதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய வேலைகள் அப்படியே கிடக்கும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

நாம் கட்டப்போவது இதுதான்: முன்னால் எச்ஏபிராக்ஸி என்ற லோட் பேலன்சர் ஓடும் இரண்டு சிறிய லினக்ஸ் இயந்திரங்கள், அவை இரண்டுக்கும் பொதுவாகக் கீப்அலைவ்டி என்ற நிரல் பார்த்துக்கொள்ளும் ஒரு ஐபி முகவரி, பின்னால் மூன்று ஆப் சர்வர்கள், அவற்றுக்கும் பின்னால் தலைமை மாற்றத்தைக் கவனிக்கும் பட்ரோனியின் மேற்பார்வையில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். நீங்கள் வேறு பேலன்சர் வைத்திருந்தாலும் காரணங்கள் இவையேதான், அமைப்புகளின் பெயர்தான் மாறும்.

1. எது நின்றால் எதெல்லாம் நிற்கும் என்று எழுதுங்கள்

கணினியைத் தொடாமல் செய்ய வேண்டிய வேலை. பயனரின் உலாவியில் கிளம்பும் ஒரு கோரிக்கை டேட்டாபேஸின் வட்டு வரை போய்த் திரும்பும் வழியில் எதையெல்லாம் தாண்டுகிறதோ அதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி, பக்கத்திலேயே ‘இது நின்றால் என்ன ஆகும்’ என்று எழுதுங்கள்.

புதியவர்கள் சர்வர்களை மட்டும் எழுதுவார்கள். நெட்வொர்க் ஸ்விட்ச், மின்சாரம் வரும் பாதை, டிஎன்எஸ், டிஎல்எஸ் சான்றிதழ், எஸ்எம்எஸ் அனுப்பும் வெளிச்சேவை எல்லாம் விட்டுப்போகும். இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. மூன்று ஆப் சர்வர் என்று படம் வரைந்திருப்பார்கள், விசாரித்தால் மூன்றும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷின்கள். அந்தப் பெட்டியின் மின்கம்பி கழன்றால் மூன்றும் சேர்ந்தே போகும்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். தலா 99% நேரம் ஓடும் இரண்டு பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் மொத்தம் 98.01%தான் கிடைக்கும். ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்தால் 99.99% வரும். ஆனால் அந்த இரண்டாவது எண் வருவதற்கு, ஒன்று விழுவதற்கும் மற்றது விழுவதற்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஒரே ஸ்விட்ச், ஒரே மின்பாதை, ஒரே நேரத்தில் இரண்டிலும் போடும் ஒரே தவறான அப்டேட், எல்லாமே தொடர்புகள்தான்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இயந்திரங்கள் தவிர, யாரும் பயன்படுத்தாத ஒரு ஐபி முகவரி அதே சப்நெட்டில் வேண்டும். எல்லா இயந்திரங்களின் கடிகாரமும் குரோனி மூலம் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் பழுது வந்த அன்று ஐந்து இயந்திரங்களின் லாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது முதலில் நடந்தது என்று சொல்ல முடியாது. தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் இல்லாமலும் இயந்திரத்துக்குள் போக ஒரு கன்சோல் வழி வேண்டும், ஏனென்றால் நெட்வொர்க் அமைப்பில்தான் நாம் கை வைக்கப்போகிறோம். அமைப்புக் கோப்புகள் எல்லாம், மாற்றங்களைப் பதிவு வைக்கும் கிட் நிரலில் இருக்கட்டும்.

அடுத்தது கொள்ளளவு. இதைப் பொறுமையாகப் பாருங்கள். மூன்று சர்வரும் உச்ச நேரத்தில் தலா 60% சுமையில் ஓடினால், ஒன்று விழும்போது மீதி இரண்டும் 90%க்குப் போகும். மூச்சுத் திணறும், ஆனால் தாங்கும். தலா 70%இல் ஓடினால் மீதி இரண்டும் 105% சுமக்க வேண்டும், அதாவது முதலாவது விழுந்த சில நிமிடங்களில் அவையும் விழும். மூன்று சர்வர் வைத்தும் ஒன்று போனால் எல்லாம் போகும் என்ற நிலைதான் அது. சராசரிச் சுமையை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஆண்டிலேயே கூட்டம் அதிகமாக வந்த நாளின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

3. ஆப் சர்வருக்குள் தங்கியிருப்பதை வெளியே எடுங்கள்

எல்லாரும் தாண்டிப் போகும் படி இது, அதிக நாள் பிடிப்பதும் இதுதான். எந்தக் கோரிக்கை எந்தச் சர்வருக்குப் போனாலும் ஒரே பதில் வர வேண்டும். அது வராதவரை சுமைப் பகிர்வு என்பதே சிக்கலைப் பகிர்வதுதான்.

முதலில் செஷன். லாகின் விவரம் சர்வரின் நினைவகத்திலோ உள்வட்டிலோ இருந்தால், அடுத்த கோரிக்கை பக்கத்துச் சர்வருக்குப் போனவுடன் பயனர் வெளியே தள்ளப்படுவார். செஷனை எல்லாச் சர்வரும் பார்க்கக்கூடிய ரெடிஸ் என்ற நினைவகச் சேமிப்பிலோ டேட்டாபேஸிலோ வையுங்கள், அல்லது கையொப்பமிட்ட குக்கியாகப் பயனரிடமே கொடுங்கள். கையொப்பத்துக்கான ரகசியச் சாவி மூன்று சர்வரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நிறுவும்போது ஒவ்வொரு சர்வரிலும் தானாகவே ஒரு சாவி உருவாகும் வகை மென்பொருள்கள் இருக்கின்றன. ‘மூன்றில் ஒரு தடவைதான் லாகின் ஆகிறது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது அந்தச் சாவியைத்தான். இன்னொன்று, செஷனை ரெடிஸுக்கு மாற்றியதும் அந்த ரெடிஸும் முதல் படியில் எழுதிய தாளில் ஏற வேண்டும். ஒற்றை ரெடிஸ் விழுந்தால் எல்லாரும் சேர்ந்து வெளியே போவார்கள்.

அடுத்தது பயனர்கள் ஏற்றும் கோப்புகள். அவை ஒரு சர்வரின் உள்வட்டில் கிடந்தால் மற்ற இரண்டுக்கும் தெரியாது. எல்லாச் சர்வரும் நெட்வொர்க் வழியே எடுக்கும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் நல்லது. கோப்புகளைப் பகிரும் ஒற்றை என்எஃப்எஸ் சர்வர் வைத்தால், அது தொங்கும்போது மூன்று ஆப் சர்வர்களும் சேர்ந்து தொங்கும் என்பதைத் தெரிந்து வையுங்கள்.

மூன்றாவது, குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள். ஒரே ஆப்பை மூன்று சர்வரில் நகலெடுத்தால் இரவு ஒரு மணிக்கு ஓடும் வேலையும் மூன்று தடவை ஓடும். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே பில் மூன்று மின்னஞ்சலாகப் போவதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரே சர்வரில் மட்டும் கிரான் வைப்பது எளிய தீர்வாகத் தெரியும், ஆனால் அந்தச் சர்வர் விழுந்த அன்று பில்லே போகாது. மூன்றிலும் இருக்கட்டும். வேலை தொடங்கும்போது டேட்டாபேஸில் ஒரு பூட்டை எடுக்கட்டும், பூட்டு கிடைக்காதது விலகிக்கொள்ளட்டும். சீக்கிரம் முடிந்துவிடும் வேலை என்றால் பூட்டு மட்டும் போதாது. கடிகாரம் சில நொடி பின்தங்கிய சர்வர், முந்தையது பூட்டை விட்ட பிறகு வந்து திரும்பவும் ஓட்டிவிடும். ‘இன்றைய தேதிக்கு முடிந்தது’ என்று ஒரு வரியும் எழுதி வையுங்கள்.

‘ஸ்டிக்கி குக்கி வைத்தால் ஒரு பயனர் எப்போதும் ஒரே சர்வருக்குத்தானே போவார், இதெல்லாம் எதற்கு’ என்ற கேள்வி வரும். அந்தச் சர்வர் உயிரோடு இருக்கும்வரை சரி. விழுந்தால் அதில் இருந்த பயனர்கள் அத்தனை பேரின் செஷனும் போகும், நாம் தவிர்க்க நினைத்ததும் அதைத்தான். மாற்றம் நடக்கும் காலத்தில் ஒரு இடைக்கால ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாம்.

4. டைம்அவுட்டுகளை உள்ளிருந்து வெளியே வையுங்கள்

பேலன்சருக்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முழுதாகச் செத்த சர்வர் சிக்கலே இல்லை, அதைக் கண்டுபிடிப்பது எளிது. பாதி உயிரோடு, பதில் தருவேன் தருவேன் என்று இழுத்துக்கொண்டிருக்கும் சர்வர்தான் மற்றவற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு கணக்கு. நொடிக்கு 200 கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் 0.1 நொடி என்றால், எந்த நேரத்திலும் 20 கோரிக்கைதான் உள்ளே இருக்கும். டேட்டாபேஸ் மந்தமாகி ஒவ்வொன்றும் 5 நொடி எடுத்தால் அது 1,000 ஆகும். மூன்று சர்வரிலும் கோரிக்கைகளைக் கவனிக்கும் வொர்க்கர் தலா 20, மொத்தம் 60தான் இருக்கிறது என்றால், அவை நிரம்ப அரை நொடிகூட ஆகாது. அதன்பின் டேட்டாபேஸே தேவைப்படாத சாதாரணப் பக்கங்களும் வரிசையில் நிற்கும்.

வரிசை இப்படி: போஸ்ட்கிரெஸ் வினவலுக்கு 5 நொடி, ஆப் தன் வேலைக்கு 10, பேலன்சர் சர்வருக்காகக் காத்திருப்பது 15. உள்ளே இருப்பது எப்போதும் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே இருப்பவர் முதலில் கைவிட்டால், உள்ளே இருப்பவர் யாருக்கும் வேண்டாத பதிலைத் தயாரித்துக்கொண்டே இருப்பார். பயனர் ரெஃப்ரெஷ் அழுத்துவார், அந்த வேலை இரண்டாகும். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம், வரிசை மாறக் கூடாது.

போஸ்ட்கிரெஸின் வினவல் நேர வரம்பு முன்னிருப்பாகச் சுழியம், அதாவது வரம்பே இல்லை. பல எச்டிடிபி நூலகங்களிலும் அப்படித்தான். முன்னிருப்பை நம்பாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

5. ஹெல்த் செக்: என்ன கேட்க வேண்டும், என்ன கேட்கக் கூடாது

இனி எச்ஏபிராக்ஸி. சர்வர் வரியில் ‘செக்’ என்று மட்டும் எழுதினால் அது டிசிபி இணைப்பு கிடைக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். அது போதாது. ஆப் முழுதாக உறைந்து நின்றாலும் லினக்ஸ் கெர்னல் அதன் சார்பில் இணைப்பை ஏற்றுக்கொள்ளும். பேலன்சர் பச்சை காட்டும், பயனருக்கு ஒன்றும் வராது. ஆகவே எச்டிடிபி செக் வையுங்கள், அதற்கென்று ஆப்பில் ஒரு தனிப் பாதை எழுதுங்கள்.

அந்தப் பாதை எதைச் சோதிக்க வேண்டும்? புதியவர்கள் முழுமையாக இருக்கட்டும் என்று டேட்டாபேஸ், ரெடிஸ், மின்னஞ்சல் எல்லாவற்றையும் அதில் சேர்த்துவிடுகிறார்கள். டேட்டாபேஸ் பத்து நொடி தடுமாறினால் மூன்று ஆப் சர்வர்களும் ஒரே நேரத்தில் ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்று சொல்லும், பேலன்சர் மூன்றையும் எடுத்துவிடும், கேச்சிலிருந்தே தரக்கூடிய பக்கங்களுக்கும் 503தான் வரும். எல்லாருக்கும் பொதுவான ஒன்றின் பழுதை ஒரு சர்வரின் பழுதாகச் சொல்லக் கூடாது. அந்தச் சர்வருக்கே உரியதை மட்டும் கேளுங்கள்: ஆப் தொடங்கி முடிந்ததா, பதில் சொல்கிறதா, அதன் வட்டில் எழுத முடிகிறதா.

அப்படியானால் ஒரு சர்வருக்கு மட்டும் டேட்டாபேஸ் வழி அறுந்தால்? அதற்கு, போய்வரும் நிஜக் கோரிக்கைகளின் பதிலையே கவனிக்கச் சொல்லும் ‘அப்சர்வ்’ அமைப்பு எச்ஏபிராக்ஸியில் இருக்கிறது. தொடர்ந்து பிழை தரும் சர்வரை அது கீழே இறக்கும்.

எவ்வளவு வேகம் வேண்டும்? முன்னிருப்பில் 2 நொடிக்கு ஒருமுறை கேட்கும், தொடர்ந்து மூன்று தடவை தவறினால் எடுத்துவிடும், இரண்டு தடவை சரியானால் திரும்பச் சேர்க்கும். ஏறக்குறைய 6 நொடி. இதை அரை நொடிக்கு ஒருமுறை, ஒரு தவறு போதும் என்று மாற்ற ஆசை வரும். செய்யாதீர்கள். நினைவகத்தைச் சுத்தம் செய்ய ஆப் ஒரு நொடி நின்றால்கூட வெளியே போகும், திரும்ப வரும், மறுபடி போகும். ஒவ்வொரு தடவையும் அதன் சுமை மற்றவற்றின் தலையில் ஏறி அவையும் தவற ஆரம்பிக்கும்.

6. சுமையை எப்படிப் பிரிப்பது

இங்கேதான் எல்லாரும் அதிக நேரம் செலவிடுகிறார்கள், அவ்வளவு தேவையில்லை. கோரிக்கைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் வரிசையாக மாறி மாறி அனுப்பும் ரவுண்ட் ராபின் போதும். சில கோரிக்கை 20 மில்லிநொடி, சில கோரிக்கை 8 நொடி என்றிருந்தால் லீஸ்ட்கான், அதாவது குறைந்த இணைப்பு உள்ள சர்வருக்கு அனுப்பும் முறை. பல பேலன்சர்கள் தனித்தனியாக முடிவெடுக்கும் இடத்தில், குருட்டாம்போக்காக இரண்டைத் தேர்ந்து அதில் சுமை குறைந்ததை எடுக்கும் ரேண்டம் முறை நன்றாக வேலை செய்யும்.

பயனரின் ஐபியை வைத்துப் பிரிக்கும் சோர்ஸ் முறையைத் தவிருங்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஆயிரக்கணக்கானோர் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள், அத்தனை பேரும் ஒரே சர்வரில் போய் விழுவார்கள்.

லீஸ்ட்கானில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு சர்வர் பழுதாகி, வேலையே செய்யாமல் ஒரு மில்லிநொடியில் 500 பிழையைத் திருப்பி அனுப்புகிறது என்று வையுங்கள். அதில் இணைப்பு எப்போதும் குறைவாகத்தான் இருக்கும், ஆகவே பேலன்சர் எல்லாவற்றையும் அதற்கே அனுப்பும். மூன்றில் ஒன்று கெட்டதால் மூன்றில் ஒரு பங்குப் பயனர்கள் பாதிக்கப்பட வேண்டிய இடத்தில் பெரும்பாலானோர் பாதிக்கப்படுவார்கள். மேலே சொன்ன ‘அப்சர்வ்’ இதற்கும் காவல்.

பிரிக்கும் முறையைவிட முக்கியமானது ஒவ்வொரு சர்வருக்கும் வைக்கும் மேக்ஸ்கான் உச்சவரம்பு. அதற்கு மேல் வருவது பேலன்சரின் வரிசையில் காத்திருக்கும். சர்வர் தன்னால் முடிந்ததை வேகமாகச் செய்துகொண்டிருக்கும்போது மிச்சம் வெளியே நிற்பது, எல்லாவற்றையும் உள்ளே விட்டு எதுவும் முடியாமல் போவதைவிட எவ்வளவோ மேல். வரிசைக்கும் ஒரு டைம்அவுட் வையுங்கள். அப்படியே ஸ்லோஸ்டார்ட்டையும் போடுங்கள்: திரும்ப வரும் சர்வருக்குக் கேச் காலியாக இருக்கும், அதன்மேல் முழுச் சுமையையும் ஒரேயடியாக இறக்கினால் வந்த வழியே போய்விடும்.

7. மறுமுயற்சி ஒரே இடத்தில் மட்டும்

எச்ஏபிராக்ஸி இணைப்பு கிடைக்காவிட்டால் முன்னிருப்பாக மூன்று தடவை திரும்ப முயலும். ரீடிஸ்பேட்ச் அமைப்பையும் போட்டால் கடைசி முயற்சியை வேறு சர்வருக்குக் கொண்டுபோகும். இணைப்பே கிடைக்காதபோது கோரிக்கை போகவே இல்லை என்பதால் இதில் ஆபத்து இல்லை.

கோரிக்கை போய், பதில் வராத நிலைதான் ஆபத்து. பணம் கழிக்கும் கோரிக்கையைத் திரும்ப அனுப்பினால் இரண்டு தடவை கழியலாம். அப்படிப்பட்டவற்றுக்குக் கிளையன்டே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி அனுப்பட்டும், அந்த எண்ணுக்கு ஏற்கெனவே வேலை முடிந்திருந்தால் சர்வர் பழைய பதிலையே தரட்டும். இதைச் செய்யாதவரை, எழுதும் கோரிக்கைகளுக்குப் பதில் வராததால் மறுமுயற்சி செய்வதை அணைத்தே வையுங்கள்.

மொபைல் ஆப், ஏபிஐ, உள்சேவை என்று மூன்று அடுக்கிலும் தலா மூன்று முயற்சி வைத்தால் ஒரு பயனரின் ஒரு தொடுதல் டேட்டாபேஸை 27 தடவை தட்டும், அதுவும் அது ஏற்கெனவே திணறும் நேரத்தில். ஒரே அடுக்கில் வையுங்கள். முயற்சிகளுக்கு நடுவே காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக்கி, அதோடு சற்றுத் தற்செயலான அளவையும் கூட்டுங்கள். இல்லாவிட்டால் விழுந்து எழுந்த சர்வரை எல்லாரும் ஒரே நொடியில் வந்து தட்டுவார்கள்.

8. பேலன்சரையே இரண்டாக்குங்கள்

இப்போதுதான் கீப்அலைவ்டி. இரண்டு பேலன்சரும் விஆர்ஆர்பி நெறிமுறையில் பேசிக்கொள்ளும். பொது ஐபியை அப்போது வைத்திருக்கும் மாஸ்டர் நொடிக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லும். மூன்று நொடிக்குச் சற்று மேல் சத்தம் இல்லாவிட்டால் மற்றது பொது ஐபியைத் தன்மேல் எடுத்துக்கொண்டு, இனி இந்த முகவரி என்னிடம் என்று நெட்வொர்க் முழுக்க அறிவிக்கும்.

இந்தப் படியில் விழும் தவறுகள் திரும்பத் திரும்ப அவையேதான்.

ஃபயர்வால். விஆர்ஆர்பி டிசிபியும் இல்லை, யுடிபியும் இல்லை. தனக்கென 112 என்ற நெறிமுறை எண் கொண்டது. எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வழி கிடைக்காது, அந்த நெறிமுறையையே அனுமதிக்க வேண்டும். மறந்தால் இரண்டும் மாஸ்டர் ஆகி ஒரே ஐபிக்கு அடித்துக்கொள்ளும், தளம் விட்டுவிட்டு வேலை செய்யும்.

ரவுட்டர் ஐடி, அதாவது இந்த இரண்டு பேலன்சரும் ஒரே குழு என்று காட்டும் எண். இணையத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளில் 51 என்றே இருக்கும், எல்லாரும் அப்படியே நகலெடுப்பார்கள். அதே நெட்வொர்க்கில் இன்னொரு குழுவும் 51 வைத்திருந்தால் மோதல்தான். வேறு எண் எடுங்கள்.

ட்ராக் ஸ்கிரிப்ட். இயந்திரம் உயிரோடு இருந்து எச்ஏபிராக்ஸி மட்டும் செத்தால் கீப்அலைவ்டிக்குத் தெரியாது, அதனால் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வைக்கிறோம். மாஸ்டரின் முன்னுரிமை 110, மற்றது 100, ஸ்கிரிப்ட் தோற்றால் 5 குறையும் என்று எழுதியிருப்பார்கள். 105 இன்னும் 100ஐவிடப் பெரியதுதானே, ஐபி நகரவே நகராது. 20 குறைக்க வேண்டும்.

அப்புறம் நோப்ரீஎம்ப்ட். பழைய மாஸ்டர் திரும்பி வந்தவுடன் ஐபியைப் பிடுங்கக் கூடாது என்று இதை வைப்பது நல்லதுதான், ஆனால் அதற்கு இரண்டையும் பேக்கப், அதாவது காத்திருக்கும் நிலையில் தொடங்க வேண்டும். ஸ்கிரிப்ட் தோற்றால் முன்னுரிமை குறையும் ஏற்பாடும் அதோடு சேர்ந்து வேலை செய்யாது: குறைந்த முன்னுரிமையோடு மாஸ்டர் பேசிக்கொண்டே இருக்கும், மற்றது பிடுங்க மாட்டேன் என்று சும்மா இருக்கும். ஸ்கிரிப்ட்டின் எடையை, அதாவது முன்னுரிமையில் குறைக்கும் அந்த எண்ணை, சுழியமாக்குங்கள்; அப்போது தோற்றவுடன் மாஸ்டர் பழுது நிலைக்குப் போய்ப் பேச்சை நிறுத்தும், மற்றது எடுத்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு இரவு பிடித்தது.

காத்திருக்கும் பேலன்சரில் பொது ஐபி இருக்காது என்பதால் எச்ஏபிராக்ஸி அந்த முகவரியில் தொடங்க மறுக்கும். தன்னிடம் இல்லாத முகவரியிலும் காத்திருக்க அனுமதிக்கும் கெர்னல் அமைப்பை இயக்குங்கள், அல்லது எல்லா முகவரிகளிலும் கேட்கச் சொல்லுங்கள். சான்றிதழ் புதுப்பித்தலையும் கவனியுங்கள். சோதனைக் கோரிக்கை எப்போதும் ஐபி உள்ள பேலன்சருக்கே வருவதால் மற்றதில் பழைய சான்றிதழ் காலாவதியாகிக் கிடக்கும், ஐபி மாறும் நாளில்தான் தெரியவரும். ஒன்றில் புதுப்பித்து மற்றதற்கு நகலெடுத்து, இரண்டிலும் ரீலோட் செய்யும் ஏற்பாடு வேண்டும்.

விஆர்ஆர்பி வழக்கமாகப் பயன்படுத்தும் மல்டிகாஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் முறை, கிளவுடில் பெரும்பாலும் ஓடாது, ஐபி இடம்மாறும் அறிவிப்பையும் அங்குள்ள நெட்வொர்க் மதிக்காது. அங்கே அந்த நிறுவனம் தரும் பேலன்சரையே பயன்படுத்துங்கள்.

9. டேட்டாபேஸை அவசரப்பட்டுத் தொடாதீர்கள்

ஆப் சர்வர் தவறாக மாறினால் சில கோரிக்கைகள் போகும். டேட்டாபேஸ் தவறாக மாறினால் தரவே போகும். ஒரே நேரத்தில் இரண்டு டேட்டாபேஸ்கள் ‘நான்தான் தலைவர்’ என்று தரவு எழுதுவதை ஏற்றுக்கொண்டால், அப்புறம் அந்த இரண்டையும் ஒன்றாக்க நல்ல வழி எதுவும் கிடையாது. அதனால்தான் இங்கே இரண்டு இயந்திரங்கள் போதாது, பெரும்பான்மை வேண்டும். யார் தலைவர் என்று காட்டும் பூட்டைப் பட்ரோனி, பல இயந்திரங்கள் பெரும்பான்மையால் ஒத்துக்கொள்ளும் எட்சிடி என்ற சேமிப்பில் வைக்கிறது. எட்சிடி 3 இருந்தால் 1 விழலாம், 5 இருந்தால் 2 விழலாம். 4 வைத்தாலும் 1 மட்டுமே விழலாம், ஆகவே இரட்டைப்படை வீண். இரண்டு டேட்டாசென்டரில் பிரிப்பதாக இருந்தால், பெரும்பான்மை உள்ள பக்கம் போனால் மற்றதும் நிற்கும் என்பதை யோசித்து மூன்றாவது இடம் தேடுங்கள்.

பட்ரோனியின் பூட்டு முன்னிருப்பாக 30 நொடி வாழும். தலைவர் திடீரென்று செத்தால் புதியவர் வர ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் ஆப் என்ன காட்ட வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

தலைவரிலிருந்து மற்ற டேட்டாபேஸ்களுக்கு நகலெடுப்பது உடனுக்குடனா, சற்றுப் பின்தங்கலாமா? பின்தங்கலாம் என்றால், ‘பதிவாகிவிட்டது’ என்று பயனருக்குச் சொன்ன கடைசிச் சில பதிவுகள் தலைவரோடு சேர்ந்து போகலாம். உடனுக்குடன் என்றால் எழுதுவது மெதுவாகும். வெறும் போஸ்ட்கிரெஸில் ஒரே நகல் வைத்து இதைச் செய்தால், அந்த நகல் விழுந்தவுடன் எழுதும் கோரிக்கைகள் எல்லாம் காத்துக்கொண்டு நிற்கும். பணம் தொடர்பானதற்கு இரண்டு நகல்களோடு உடனுக்குடன் என்பதே என் தேர்வு.

ஆப்பை டேட்டாபேஸோடு இணைக்கும் எச்ஏபிராக்ஸி, பட்ரோனியின் 8008 போர்ட்டில் ‘தலைவர் நீயா’ என்று கேட்க வேண்டும். கீழே இறக்கப்பட்ட சர்வரின் பழைய இணைப்புகளை அறுக்கும் அமைப்பையும் சேர்த்தே போடுங்கள். இல்லாவிட்டால் ஆப்பின் இணைப்புக் குளம் பழைய தலைவரையே பிடித்துக்கொண்டு, எழுத முடியவில்லை என்று பிழை தந்துகொண்டிருக்கும்.

நகல் என்பது பேக்கப் ஆகாது. யாரோ தவறாக நீக்கிய அட்டவணை எல்லா நகல்களிலும் ஒரே நொடியில் நீங்கும். பேக்கப்பைத் தனியாக எடுங்கள், அதை மீட்டும் பாருங்கள்.

10. சர்வரை வேண்டுமென்றே எடுக்கும் முறை

விபத்தைவிட நாமே சர்வரை நிறுத்தும் தடவைகள்தான் அதிகம், ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் நிறுத்துகிறோம். முதலில் கோரிக்கைகளை வடியவிடும் ‘ட்ரெயின்’ நிலைக்கு மாற்றுங்கள்: புதியது வராது, உள்ளே இருப்பது முடியும். முடிந்தபின் நிறுத்துங்கள்.

தானியங்கியாகச் செய்தால், நிறுத்தச் சிக்னல் வந்தவுடன் ஆப் உடனே வெளியேறக் கூடாது. ஹெல்த் செக்குக்கு மட்டும் பிழை தர ஆரம்பித்து, பேலன்சர் கவனிக்கும் அந்த 6 நொடியோடு இன்னும் சில நொடி கொடுத்து, பிறகு மூட வேண்டும். புதிய பதிப்பு டேட்டாபேஸின் அமைப்பை மாற்றினால் நினைவில் வையுங்கள், சிறிது நேரம் பழைய ஆப்பும் புதிய ஆப்பும் ஒரே டேட்டாபேஸில் ஓடும். முதலில் நெடுவரிசையைச் சேர்ப்பது, பழையதை அடுத்த பதிப்பில் நீக்குவது.

11. மறைந்துபோகும் பழுதுகளுக்கு அலாரம்

நான் பின்னால் போய்ப் பார்த்த ஓர் இடத்தில் மூன்றில் ஒரு சர்வர் வாரக்கணக்கில் செத்துக் கிடந்தது. தளம் ஓடியதால் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது விழுந்த அன்றுதான் முதலாவது எப்போது விழுந்தது என்று தேடினார்கள். பழுது தாங்கும் அமைப்பு பழுதை மறைத்துவிடும். ஆகவே ‘தளம் நின்றது’ என்பதற்கு மட்டும் அலாரம் வைத்தால் போதாது. மூன்றில் இரண்டுதான் இருக்கிறது, பேலன்சரில் ஒன்றுதான் இருக்கிறது, நகல் பின்தங்குகிறது, சான்றிதழ் 20 நாளில் முடிகிறது, இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வையுங்கள். நள்ளிரவில் எழுப்ப வேண்டியதில்லை, மறுநாள் காலையில் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

12. கையால் உடைத்துப் பாருங்கள்

சுமைக் கருவி ஒன்று நொடிக்கு நூறு கோரிக்கை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே உடையுங்கள். சுமை இல்லாமல் செய்யும் சோதனையில் இரண்டாம் படியின் கணக்கு சரியா என்று தெரியாது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை கோரிக்கை தவறியது, எத்தனை நொடியில் மீண்டது என்று குறித்து வையுங்கள்.

ஆப் செயல்முறையைக் கொல்லுங்கள். இது எளியது, எல்லாரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து ஸ்டாப் சிக்னல் கொடுத்து உறைய வையுங்கள், ஐந்தாம் படியின் எச்டிடிபி செக் சரியாக இருந்தால்தான் இதில் தேறுவீர்கள். பிறகு ஃபயர்வாலில் பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் விழச் செய்யுங்கள்; மறுப்பது வேறு, விழச் செய்வது வேறு, மறுத்தால் பிழை உடனே வரும், விழச் செய்தால் டைம்அவுட் வரைக்கும் காத்திருக்க வேண்டும், நிஜ வாழ்க்கையில் வருவது பெரும்பாலும் இரண்டாவதுதான். லினக்ஸின் டிசி கருவியால் ஒரு சர்வருக்கு மட்டும் 3 நொடி தாமதம் சேருங்கள். ஒரு வட்டை நிரப்புங்கள். கடைசியாகத்தான் மாஸ்டர் பேலன்சரின் மின்கம்பி, அதன்பின் டேட்டாபேஸ் தலைவர்.

முதல் தடவை சோதனைச் சூழலில் செய்யுங்கள், பிறகு நிஜத்தில், பகலில், குழு முழுவதும் அலுவலகத்தில் இருக்கும்போது. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் உடையுங்கள். மீட்டெடுப்பதையும் சோதனையின் பாதியாக வையுங்கள்: பழைய டேட்டாபேஸ் தலைவர் தானாக நகலாகத் திரும்பச் சேர்ந்ததா, பேலன்சரில் திரும்ப வந்த சர்வர் மெதுவாகச் சுமை ஏற்றுக்கொண்டதா, அலாரம் அடித்ததா, அடித்த அலாரம் நின்றதா. எங்கள் குழுவில் இதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்கிறோம், ஒவ்வொரு தடவையும் கம்பியைப் பிடுங்குவது குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்.